ஹிக்கரிப் புகையும் சிவப்புக் கோஸும்

டல்லாஸுக்கு வடக்கே, மேய்ச்சல் நிலமெல்லாம் வீட்டு மனையாகிவிட்ட புறநகர் ஒன்றில் ஓர் இரும்புச் சாமான் கடை. தோட்டத்துக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போனவர், வாசலோரம் அடுக்கியிருந்த விறகு மூட்டைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டெக்சஸில் கறி சுடுவதற்கு ஓக், மெஸ்கீட் கட்டைகள்தான் அதிகம் விலைபோகும். அந்த அடுக்கின் அடியில் ஒரே ஒரு மூட்டை ஹிக்கரி. ஓரம் கிழிந்து, ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உருவிக் கையில் வைத்துப் பார்த்தார். கைப்பிடி அளவுத் துண்டுதான். ஆனால் அளவுக்கு மீறின கனம்.

அந்தக் கனத்தை அவர் கை முதன்முதலில் அறிந்தது கோவையில், மில்லில். பழைய ஷட்டில் தறிகளில் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக்கை ஹிக்கரி மரத்தில் செய்வார்கள். ஷிப்ட் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தாலும் சட்டென்று பிளக்காது. அது வட அமெரிக்க மரம் என்று படிக்கிற காலத்திலேயே அவருக்குத் தெரியும். அதே மரத்தை எரித்துத் தணலாக்கிப் பன்றிக்கறி வாட்டுகிற ஊர் ஒன்று உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எண்பதுகளில், கோவையில் டெக்ஸ்டைல் படித்தவர்களுக்கு மேற்படிப்பு என்றால் சட்டென்று நினைவுக்கு வந்த முகவரிகளில் ஒன்று ராலே. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜவுளிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க மில்கள்: கிரீன்ஸ்பரோவில் டெனிம், பர்லிங்டனில் காலுறை, கன்னாபொலிஸில் துண்டும் படுக்கை விரிப்பும். படிப்பு முடிந்ததும் அவருக்கு வேலை கிடைத்தது கிரீன்ஸ்பரோ பக்கத்து டெனிம் மில் ஒன்றில். புதுத் தறிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் ஒரு மூலையில் பழைய டிரேப்பர் ஷட்டில் தறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அறுபதை நெருங்கிய, கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு லூம் ஃபிக்ஸர். நம் ஊரில் ஃபிட்டர் என்போமே, அந்த வேலை.

தறி ஓடும் சத்தத்தில் வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. அங்கேயும் உதட்டசைவும் கைச்சாடையும்தான். தென்மாநிலத்து இங்கிலீஷ் காதில் ஏறாமல் இவர் திணறியதெல்லாம் வெளியே, கடையிலும் பேங்க்கிலும். தறிக்கூடத்துக்குள் இரண்டு பேரும் முதல் வாரத்திலேயே சரளமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள், உடைந்த பிக்கிங் ஸ்டிக் ஒன்றைக் குப்பையில் போடப்போனார் ஃபிக்ஸர். இதை விறகாக்கலாமே என்றார் இவர். எண்ணெய் குடித்த கட்டை கறிக்கு ஆகாது என்று பதில் வந்தது. இவர் கேட்டது அடுப்பு விறகு. அவர் நினைத்துக்கொண்டது கறி. எந்தக் கறி என்று கேட்டதற்கு விளக்கமெல்லாம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சர்ச்சுக்கு வந்துவிடு என்றார்.

சர்ச் கூரைக்குப் பணம் திரட்ட பார்பிக்யூ. வட கரோலினாவில் சர்ச்சுகளும் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் நிதி சேர்க்கப் பிடித்துக்கொள்ளும் வழி இது. ஷார்லட் நகரத்தில் மல்லார்டு கிரீக் பிரெஸ்பிட்டேரியன் சர்ச் 1929-இல் தொடங்கிய பார்பிக்யூ பிற்பாடு ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது. அக்டோபரில் நடப்பதால் தேர்தல் ஆண்டுகளில் ஓட்டுக் கேட்கிறவர்களும் வந்து வரிசையோரம் நின்று கை குலுக்குவார்கள். ஃபிக்ஸரின் சர்ச் சின்னது. அதன் பின்பக்கத்து மண்தரையில் ஹாலோ பிளாக்குகளை இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கி, மேலே கம்பிவலை பரப்பி, பன்றியின் முன்சப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு தகர டிரம். அதன் பாதி உயரத்தில் முறுக்குக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, மேலே ஹிக்கரிக் கட்டைகளைப் போட்டு எரித்தார்கள். எரிந்து சிவந்த தணல் கம்பி இடுக்கு வழியே அடியில் விழும். கீழே வெட்டியிருக்கும் வாய் வழியாக அதை மண்வாரியால் அள்ளிக் கறிக்கு நேர் கீழே தூவ வேண்டும். கறிக்கடியில் விறகை எரிப்பது கிடையாது. சரியாக எரியாத கட்டையின் கரும்புகை கறியைக் கசக்க வைத்துவிடும். தணல் மட்டும்தான். சூடு தணியத் தணிய, விடியும்வரை.

கறியிலிருந்து கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போதெல்லாம் ‘சொய்’ என்றொரு சத்தம். உடனே கொஞ்சம் புகை எழுந்து கறியைத் தொட்டுவிட்டுப் போகும். மரத்தின் ருசி பாதிதான், மீதிப் பாதி இந்தச் சொட்டில் இருக்கிறது என்பது ஃபிக்ஸரின் கட்சி. சமையல் அறிவியல் எழுதுகிறவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். ஆகவே பார்பிக்யூ பற்றி வாதம் நடக்கும் இடங்களில், அடுப்புக்குள் வைத்து வேகவிட்டுவிட்டு மேலே புகை எசென்ஸ் தெளிப்பவர்களைக் கண்டால் வட கரோலினாக்காரர்களுக்கு முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வெளியே, திறந்த வானத்தடியில், ஆண்கள் நின்று பன்றிக்கறி சமைப்பது அவருக்கு விநோதமாகப் படவில்லை. கொங்கு நாட்டில் சில வீடுகளில் பன்றிக்கறி உண்டு, பல வீடுகளில் இல்லை. அவர் வீட்டில் உண்டு. ஆனால் அடுப்படிக்குள் வராது. தோட்டத்துச் சாளைக்கு முன்னால் கல் கூட்டி, அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில் அப்பாருதான் வேகவைப்பார். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் கைநிறைய. பெண்கள் எட்டி நின்று, போதும் இறக்குங்க என்று குரல் கொடுப்பதோடு சரி. கிரீன்ஸ்பரோவிலும் பெண்கள் சர்ச் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ‘குழி’ என்று அங்கே சொல்லப்படும் அந்த அடுப்புப் பக்கம் வந்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

நடுராத்திரிக்கு மேல் பேச்சு நீண்டது. கையில் செர்வைன். பக்கத்து ஸாலிஸ்பரி ஊரில் 1917 முதல் தயாராகும் செர்ரி சோடா அது. தொண்டை கட்டும் தித்திப்பு. ஃபிக்ஸரின் அப்பா ஒரு பார்பிக்யூ கடையில் குழிக்காரராக இருந்தவர். ராத்திரி பூராவும் தணல் அள்ளி, விடிந்ததும் கறியைக் கொத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார். அந்தக் கடையின் மேசையில் உட்கார்ந்து அவர் ஒருநாளும் தின்றதில்லை. சின்னப் பையனாக ஃபிக்ஸர் கறி வாங்கப் போனாலும் பின்பக்கத்து ஜன்னல்தான். சமைத்த கை அப்பாவுடையது, உட்கார மட்டும் நாற்காலி இல்லை. இதைச் சொல்லும்போது ஃபிக்ஸரின் குரல் உயரவில்லை. தறியில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

கிரீன்ஸ்பரோ இந்த நாற்காலிக்கான போராட்டத்துக்குப் பெயர்போனதுதான். 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர்கள் நால்வர் கிரீன்ஸ்பரோ வூல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தார்கள். அங்கிருந்து அது தென்மாநிலங்கள் பூராவும் பரவியது. பார்பிக்யூவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. பக்கத்துத் தென் கரோலினாவில் ‘பிக்கி பார்க்’ என்ற பார்பிக்யூ கடைகள், கறுப்பினத்தவரை உட்காரவைத்துப் பரிமாற மறுத்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1968-இல் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் முடிந்தது. இன்றைக்கு டெலிவிஷனில் பார்பிக்யூ போட்டி நடத்தும்போது இந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பசி கெட்டுவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

விடிந்தது. சப்பைக்குள் பலகை மாதிரி இருக்கிற எலும்பை ஃபிக்ஸர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒட்டாமல், வெள்ளையாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதுதான் பதம். பிறகு மரக்கட்டை மேல் போட்டு, இரண்டு கையிலும் கத்தி பிடித்து, கொத்துப் பரோட்டாக் கடைக்காரர்களுக்குக் கொஞ்சமும் சளைக்காத தாளத்தில் கொத்தினார்கள். வெளியே காய்ந்து கறுத்த பொறுக்கும், உள்ளே பஞ்சுபோல வெந்ததும் கலக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று சப்பென்றிருக்கும். மேலே, வினிகரில் மிளகாயும் மிளகும் கொதிக்கவைத்து, பேருக்குத் தக்காளி கெட்சப் சேர்த்த தண்ணீர்ச் சாறு. அங்கே அதற்கு ‘டிப்’ என்று பெயர். மிருதுவான பன், ஒரு கரண்டி கறி, அதன்மேல் அதே டிப்பில் ஊறிச் சிவந்த கோஸ் ஒரு கரண்டி; அதுதான் சிவப்புக் கோஸ். காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதல் வாயில் வினிகர் மூக்கில் ஏறியது. அடுத்த வாயில்தான் கறி தெரிந்தது.

அந்த வட்டாரத்தில் இந்த சாண்ட்விச்சுக்குத் தலைநகரம் லெக்சிங்டன். கிரீன்ஸ்பரோவிலிருந்து தென்மேற்கே காரில் முக்கால் மணி நேரம். இருபதாயிரம் பேர்கூடத் தேறாத ஊர், ஆனால் ஒரு டஜன் பார்பிக்யூ கடையாவது இருக்கும். சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் ஃபிக்ஸரின் பழைய ஃபோர்டு பிக்கப்பில் இரண்டு பேரும் அங்கே போவது வழக்கமாயிற்று. கதை தொடங்கியது கோர்ட்டு வாசலில். முதல் உலகப் போர் முடிந்த சமயம், கோர்ட்டு நடக்கும் வாரங்களில் வழக்குக்காகக் கிராமங்களிலிருந்து வந்து குவிகிறவர்களுக்குப் பசியாற்ற, எதிரே கூடாரம் அடித்துக் கறி விற்றவர்கள் சிட் வீவரும் ஜெஸ் ஸ்வைஸ்குட்டும். கூடாரம் பிறகு தகரக் கொட்டகையாகி, கொட்டகை கடையானது.

ஸ்வைஸ்குட்டிடம் வேலை கற்ற பள்ளிக்கூடத்துப் பையன் வார்னர் ஸ்டேமி. ஷெல்பி என்ற ஊருக்குப் போய்க் கடை போட்டு, அங்கே சிலருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, 1938-இல் குருவின் கடையையே 300 டாலருக்கு வாங்கினார். பின்னால் கிரீன்ஸ்பரோவிலும் கடை திறந்தார். அவரிடம் பழகிய வெய்ன் மங்க் 1962-இல் திறந்த ‘லெக்சிங்டன் பார்பிக்யூ’ இன்றைக்கும் நெடுஞ்சாலையோரத்தில் புகை கக்கிக்கொண்டிருக்கிறது. 1983-இல் வில்லியம்ஸ்பர்க்கில் ரீகன் கூட்டிய ஏழு நாட்டு உச்சி மாநாட்டுக்குக் கறி சமைக்கப் போனவர் மங்க். நம் சங்கீதக்காரர்கள் குருபரம்பரை சொல்வதுண்டு. அதற்குக் குறையாத வரிசை இது. மாநிலத்தின் மேற்குப் பாதியில் பெயர்பெற்ற கடைகள் பலவற்றின் வேர் அந்தக் கோர்ட்டு வாசலில் போய் முடிகிறது.

கடைக்குள் உட்கார்ந்ததும், வேண்டியதைச் சொல்ல ஒரு முறை உண்டு. பொடியாகக் கொத்தியதா, பெருவெட்டா, வில்லை வில்லையாக அரிந்ததா? ‘அவுட்சைட் பிரவுன்’ என்று கேட்டால் கறுத்த பொறுக்குப் பகுதியைத் தேடி எடுத்துப் போடுவார்கள். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். சேலையும் சட்டையுமாக இந்தியக் குடும்பங்கள் அந்தப் பக்கம் அதிகம் தலைகாட்டாத காலம். ஆர்டர் எடுக்க வந்த அம்மாள், இவர் பெருவெட்டும் அவுட்சைட் பிரவுனும் கேட்டதும் ஃபிக்ஸரை ஒரு பார்வை பார்த்தார், பாடம் நடத்தியது நீதானா என்கிற தோரணையில்.

லெக்சிங்டனில் முன்சப்பை மட்டும். மாநிலத்தின் கிழக்கே போனால் முழுப் பன்றி. சாற்றில் தக்காளி என்ற பேச்சே கூடாது, வினிகர், உப்பு, மிளகாய், மிளகு அவ்வளவுதான். கோஸும் அங்கே வெள்ளை. கிழக்கத்திக்காரருக்குக் கெட்சப் சேர்த்தவன் துரோகி. மேற்கத்திக்காரருக்கு, தொடையும் முதுகும் கலந்து கொத்துகிறவன் விவரமில்லாதவன். ஃபிக்ஸரின் மனைவி கிழக்கே கோல்ட்ஸ்பரோ பக்கத்துக்காரர். ஆக அந்த வீட்டில் சண்டை வருஷம் பூராவும் நடந்தது. ஒருமுறை எல்லாருமாக அய்டன் என்ற சிற்றூருக்குப் போனார்கள். 1947-இல் பீட் ஜோன்ஸ் தொடங்கிய ஸ்கைலைட் இன் அங்கே இருக்கிறது. கூரை மேல் வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் கும்மட்டத்தைப் போலவே ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள்; பார்பிக்யூவின் தலைநகரம் இதுதான் என்று சொல்லாமல் சொல்கிறார்களாம். மொறுமொறுவென்று வாட்டிய தோலையும் சேர்த்துக் கொத்திப் போடுகிறார்கள். கடிபடுகிற அந்தத் தோல், உண்மையைச் சொன்னால், அபாரம். ஆனால் அதைக் கிரீன்ஸ்பரோ திரும்பும் வரை ஃபிக்ஸர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் மேற்கே சப்பையும் தித்திப்புப் புளிப்பும்? ஜான் ஷெல்டன் ரீட், டேல் வோல்பர்க் ரீட் தம்பதி ‘ஹோலி ஸ்மோக்’ என்ற தடிமனான நூலில், அப்பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்களின் சமையலில் அதற்கு வேர் தேடுகிறார்கள். வீவர், ஸ்வைஸ்குட் என்ற பெயர்களே ஜெர்மன் வழி வந்தவை. இருக்கலாம். ஃபிக்ஸரிடம் இதைச் சொன்னால், குழியில் தணல் அள்ளியது எந்த ஜெர்மானியர் என்று கேட்டிருப்பார்.

லெக்சிங்டனில் 1984 முதல் பார்பிக்யூ திருவிழா. அக்டோபரின் கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றில் நடத்துவார்கள். இதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அதற்குள் புரட்டாசி முடிந்திருக்கும். கல்யாணமாகி வந்த மனைவி, புரட்டாசி பிறந்துவிட்டால் முட்டையைக்கூட ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிடுகிறவர். பன்றிக்கறி அவருக்கு எந்த மாதமும் ஆகாது. ஆனாலும் திருவிழாவுக்கு வருவார். வந்து, சிவப்புக் கோஸை மட்டும் ஒரு கப் வாங்கி வைத்துக்கொண்டு, இதில் என்னென்ன போடுகிறார்கள் என்று நாக்கால் துப்பறிவார்.

பிறகு எல்லாம் வேகமாகக் கலைந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. 2003 ஜூலையில் கன்னாபொலிஸின் பில்லோடெக்ஸ் மூடியபோது வட கரோலினாவில் மட்டும் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். லீவைஸுக்கு டெனிம் நெய்த கிரீன்ஸ்பரோ வைட் ஓக் ஆலை, 1905-இல் தொடங்கியது, 2017-இன் கடைசி நாளோடு நின்றது. இவர் அதற்கு வெகுமுன்பே வேலை மாறி டெக்சஸ் வந்துவிட்டார். ஃபிக்ஸர் ஓய்வுபெற்ற சில வருஷங்களில் காலமானார். மில்லோடு குழியும் போயிற்று என்று சொல்வது மிகை. ஆனால் விறகு, அதைப் பிளக்க ஆள், ராத்திரி முழுக்கக் கண்விழிக்க ஆள், இவற்றுக்கெல்லாம் கணக்குப் போட்ட கடைகள் பல கேஸுக்கும் கரண்டுக்கும் மாறிவிட்டன. விறகில் சமைக்கிற கடை எது என்று விசாரித்து முத்திரை கொடுக்க அங்கே ஓர் இயக்கமே நடக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

டெக்சஸில் பார்பிக்யூ என்றால் மாட்டு நெஞ்சுக்கறி. பன்றிச் சப்பை சாண்ட்விச் கேட்டால் கிடைக்கத்தான் செய்யும், தேன் மாதிரிக் கெட்டியான தித்திப்பு சாஸில் முங்கி. அந்த சாஸ் நாடெங்கும் வீட்டு ஃபிரிட்ஜுகளுக்குள் நுழைந்ததில் கான்சஸ் சிட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. ரிச் டேவிஸ் என்ற மனநல மருத்துவர் 1977-இல் போட்ட கேசி மாஸ்டர்பீஸ் அதற்கு ஒரு பாதை வெட்டிக் கொடுத்தது. சாஸ் அதன் இடத்தில் நன்றாகத்தான் இருக்கும். கொழுத்த பன்றிக்கறியின் மேல் சர்க்கரையை ஊற்றினால் நாலு வாய்க்கு மேல் இறங்காது என்பதுதான் சங்கடம். கொழுப்பை அறுக்கப் புளிப்பு வேண்டும். புளிக்குழம்பு தின்று வளர்ந்த நாக்குக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில். ஹாலோ பிளாக் அடுக்க வீட்டுமனைச் சங்கம் விடாது. வெபர் கெட்டில் அடுப்புதான் கதி. சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவைக்கான கோளத்தை இரண்டாக வெட்டி 1952-இல் உருவாக்கியது அது; மூடி இருப்பதால் சூட்டை அடக்கிவைக்கலாம். எலும்போடு கூடிய முன்சப்பையின் மேல்துண்டு, எட்டு பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். வெந்து, எலும்பும் கொழுப்பும் நீரும் கழிந்தபின் பாதிக்குக் கொஞ்சம் அதிகம் தேறும். முந்தின ராத்திரியே உப்பு தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். உப்பு மட்டும். பதினாறு வகைப் பொடி கலந்து பூசுவதெல்லாம் வேறு ஊர்ப் பழக்கம்.

கரியை இரு ஓரமும் ஒதுக்கி, நடுவே தண்ணீர்த் தட்டு, மேலே கறி, கரியின்மேல் கடையில் வாங்கிய ஹிக்கரித் துண்டு இரண்டு. உள்ளே 110-இலிருந்து 120 டிகிரி செல்சியஸ். கறியின் உட்சூடு மளமளவென்று ஏறி, 70 டிகிரி வாக்கில் வந்ததும் மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிடும். கரி தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும். தீரவில்லை. கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், ஏறுகிற சூட்டை அது குளிர்வித்துவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு. ஈரம் குறைந்ததும் தானாக மேலே ஏறும். சவ்வு கரைந்து வழவழப்பாவது இந்த நேரத்தில்தான் என்பதால் அவசரம் உதவாது. 95 டிகிரி தொட்டதும் எலும்பை ஆட்டிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் இறக்கி, சுருட்டிவைத்து ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். இதெல்லாம் விடியற்காலை தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும்.

சொட்டுப் புகை கிடைக்கவே வேண்டுமென்று கடைசி ஒரு மணி நேரம் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் தணலை நடுவே தள்ளிவிடுவார். சொய்யென்று சத்தம் வரும். கதவுக்கு உள்ளேயிருந்து மனைவி, “ஏனுங், புகை பூராவும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகுது, அவிய ஏதாச்சும் சொல்லப் போறாங்க” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்து, அது என்ன கட்டை என்று மட்டும் விசாரித்தார்.

டிப் செய்வது கால்மணி வேலை. ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு கப், கெட்சப் அரை கப், தண்ணீர் அரை கப், சர்க்கரை இரண்டு ஸ்பூன், உப்பு, இடித்த வரமிளகாய், மிளகுத்தூள். சர்க்கரை கரையும்வரை கொதித்தால் போதும். தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், கறிக்குள் இறங்குவதற்காக. மறுநாள் ருசி கூடும்.

கோஸ் மனைவியின் இலாகா. லெக்சிங்டன் திருவிழாவில் நாக்கால் பிடித்த கணக்கு பிசகவில்லை. அரிசிக் குருணை அளவுக்குப் பொடியாகக் கொத்திய முட்டைக்கோஸில் அதே டிப்பை ஊற்றி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, சில மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிடுவார். மயோனைஸ் கிட்டேயே வரக்கூடாது. இந்தக் கோஸ்தான் சாண்ட்விச்சைத் தூக்கி நிறுத்துகிறது என்று இதை எழுதுகிறவருக்கும் அபிப்பிராயம் உண்டு. புகை கொஞ்சம் முன்பின்னாக அமைந்தாலும் கோஸ் சரியாக இருந்தால் லெக்சிங்டன் நாக்கில் வந்துவிடும். கோஸ் தவறினால் எவ்வளவு ஹிக்கரி எரித்தும் பயனில்லை.

பன் மட்டும் மலிவானது, மிருதுவானது, கடையில் கிடைப்பது. வெண்ணெய் பூசி வாட்டிய உயர்ந்த ரக பன்னெல்லாம் சாற்றை உறிஞ்சாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அலுமினியக் காகிதத்தில் சுற்றி ஆவியில் காட்டினால் சரி.

ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு இதில் நம்பிக்கை குறைவு. “மாமா, சாஸ் எங்கே?” என்று கேட்டார்.

“ஊத்தியாச்சுங்க மாப்ள. கறிக்குள்ள இருக்குது.”

தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அவர் தாமாகவே ஃபிரிட்ஜைத் திறந்து தித்திப்பு சாஸ் பாட்டிலை எடுத்து வந்தார். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளையாயிற்றே. ஆனால் மகள் அந்த பாட்டிலை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டாள். கிரீன்ஸ்பரோவில் பிறந்த பெண். நடந்துபழகிய வயசில் ஃபிக்ஸரின் மடியில் உட்கார்ந்து அவுட்சைட் பிரவுன் மென்றவள். அது அவளுக்கு ஞாபகமில்லை, போட்டோவில் இருக்கிறது. பாட்டில் இல்லாமலே மாப்பிள்ளை முதல் பன்னை முடித்தார். இரண்டாவதற்குப் பெருவெட்டாக வேண்டும் என்றார்.

மனைவி கறிப்பக்கம் வரவில்லை. கூட்டமெல்லாம் உண்டு கை கழுவியபிறகு, தயிர்ச்சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊறுகாய் ஜாடியைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த சிவப்புக் கோஸை வழித்துத் தட்டோரம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை வரமிளகாயை இன்னும் ரெண்டு சேர்த்து இடிக்கணும் என்றார்.